முறுக்கு டப்பாவில் ஆறு செத்த சிம்கள்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

என் கடை மேசையின் கீழ்த்தட்டில் ஒரு பழைய முறுக்கு டப்பா இருக்கிறது. ஊர் மணப்பாறை என்பதால் டப்பாவுக்குப் பஞ்சமில்லை. அதற்குள் ஒன்பது லாப்பு சிம்கள் கிடக்கின்றன. வாடிக்கையாளருக்கு ரீசார்ஜ் ஏற்றுவதற்காக நிறுவனங்கள் கடைக்காரரிடம் தரும் சிம்மை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒவ்வொன்றையும் நாள்காட்டித் தாளில் மடித்து, அதில் கடைசியாக எவ்வளவு இருப்பு இருந்தது என்பதைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பதில் மூன்றுக்கு உயிர் இருக்கிறது. மற்ற ஆறிலும் முடங்கிக் கிடப்பது 11,740 ரூபாய்.

அந்தப் பணம் யாரும் எனக்குச் சும்மா தந்தது அல்ல. விநியோகஸ்தர் அனுப்பும் பையன் காலையில் பைக்கில் வருவான். ஆயிரம் ரூபாயை ரொக்கமாக எண்ணி அவன் கையில் வைத்தால், நூற்றுக்கு இரண்டோ மூன்றோ கமிஷன் சேர்த்து சிம்மில் ஏற்றிவிட்டுப் போவான். அதைப் பத்தும் இருபதுமாக விற்று முடித்தால்தான் அன்றைய பிழைப்பு. அதாவது, நாங்கள் நிறுவனத்துக்கு முன்பணம் கட்டி வியாபாரம் செய்தவர்கள். நிறுவனம் கைமாறியபோது முன்பணம் கட்டியவனை ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறாவது சிம்முக்காக நான் ஆண்டுக்கணக்காக எழுதிய கடிதங்களுக்குச் சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரே வரி. அதன் கீழே, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று சொல்லுங்கள் எனக் கேட்டு ஐந்து நட்சத்திரங்கள். இந்த மடலை எழுத வைத்தவை அந்த நட்சத்திரங்கள்தான்.

எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. நான் பணம் கட்டிய பெயரில் இன்று யாரும் இல்லை, அவ்வளவுதான். தவிர, தனி ஆளின் புகாரை நேரடியாக விசாரிப்பது உங்கள் வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இதைப் புகாராக அனுப்பவில்லை. ஒரு விதி வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

எங்கள் கடை முதலில் அப்பாவின் எஸ்.டி.டி. பூத். 2004இல் கண்ணாடிக் கூண்டை எடுத்துவிட்டு செல்பேசிக் கடையாக்கினேன். அதற்கு முன்பே இந்தத் தொழிலில் கைமாற்றல் தொடங்கிவிட்டது. சென்னையில் முதலில் உரிமம் பெற்ற இரண்டு நிறுவனங்கள் ஸ்கைசெல்லும் ஆர்.பி.ஜி. செல்லுலாரும். ஸ்கைசெல்லை 2000இல் பாரதி வாங்கியது. அது ஏர்டெல் ஆனது. ஆர்.பி.ஜி.யை 2003இல் ஏர்செல் வாங்கியது. சென்னை தனி வட்டம், மற்ற தமிழ்நாடு தனி வட்டம் என்று இருந்த காலம் அது. உரிமம் தரும் பகுதியைத்தான் வட்டம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் இருந்த பி.பி.எல். 2006 தொடக்கத்தில் ஹட்ச் ஆனது. இளஞ்சிவப்புப் பலகை வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வோடஃபோன் என்று சிவப்புப் பலகை வந்தது. விளம்பரத்தில் வந்த நாய்க்குட்டி மட்டும் மாறவில்லை. பழைய கூண்டை விட்டுப் புதிய கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. எங்களுக்கும் அதே வேலைதான் என்பது அப்போது புரியவில்லை.

அந்த ஹட்ச் விற்பனையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுமார் 1,100 கோடி டாலர் வியாபாரம். அறுபத்தேழு சதவீதப் பங்கு. கைமாறியது இந்தியாவில்கூட இல்லை. கேமன் தீவில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு வழியாக. அதற்கு வரி உண்டா இல்லையா என்று வருமான வரித் துறையும் வாங்கிய வோடஃபோன் நிறுவனமும் மோதின. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரி இல்லை என்றது. அதே ஆண்டில் அரசு முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. 2020இல் ஹேக் நகரத்து நடுவர் மன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021இல் அரசே அந்தத் திருத்தத்தைக் கைவிட்டது. பதினான்கு ஆண்டுகள்! விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அரசுக்கும் வாதாட வழக்கறிஞர்கள் இருந்தார்கள், மேல்முறையீடு இருந்தது, நாடு தாண்டியும் ஒரு மன்றம் இருந்தது. சிம்மைக் கையில் வைத்திருந்தவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று இத்தனை ஆண்டுகளில் யாராவது கேட்டார்களா?

பிறகு 2009 வந்தது. டாட்டா டொகோமோ ஒரு வினாடிக்கு ஒரு பைசா என்றது. மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். புதுப்புது நிறுவனங்களின் ஆட்கள் கடை வாசலில் வரிசை கட்டினார்கள். பலகை இலவசம், குடை இலவசம், சுவருக்கு வண்ணம் இலவசம். என் டப்பா நிரம்பியது அந்த ஆண்டுகளில்தான். 2012 பிப்ரவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. உரிமம் ஒதுக்கிய முறையே சட்டவிரோதம் என்ற தீர்ப்பு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் குடை கொடுத்தவர்கள் மூட்டை கட்டியபோது நாங்கள் கட்டிய முன்பணத்தைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. குடை மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. நல்ல குடை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாலே மூச்சு வாங்கும். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் ஏர்செல்லும் இணைவதாக அதே மாதம் அறிவித்தன. 2017 அக்டோபரில் அந்தப் பேச்சு முறிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் செல்பேசிக் குரல் சேவையை நிறுத்தியது. 2018 பிப்ரவரி கடைசியில் ஏர்செல் திவால் மனு போட்டது. மே மாதம் டெலினார் ஏர்டெல்லுக்குள் போனது. ஆகஸ்ட் 31ஆம் தேதி வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2019 ஜூலையில் டாட்டாவின் செல்பேசிச் சேவையும் ஏர்டெல்லுக்குள் அடங்கியது. மூன்றே ஆண்டுகளில் இத்தனை.

இதில் ஏர்செல் ஓய்ந்த அந்தப் பிப்ரவரி வாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்போது தமிழ்நாடு முழுக்கச் செய்தித்தாள்களில் வந்த விஷயம்தான். கோபுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மக்கள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள ஓடினார்கள். எண்ணை மாற்ற என்ன வேண்டும்? 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பதிலுக்கு எட்டெழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். குறுஞ்செய்தி அனுப்ப என்ன வேண்டும்? சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தானே மாற்றவே வந்தார்கள்! கிணற்றில் விழுந்தவனிடம், மேலே ஏறி வந்து கயிறு வாங்கிக்கொண்டு போ என்று சொன்ன கதை. எண் மாற்றும் வசதி நாடு முழுவதற்கும் வந்தது 2011 ஜனவரியில். ஏழு ஆண்டுகளில் ஒரு நிறுவனமாவது மூடப்படும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லையா? அதற்கும் முன்பே, 2014 நவம்பரில், மும்பையில் லூப் மொபைல் உரிமம் முடிந்து மூடப்பட்டிருந்ததே. எச்சரிக்கை மணி அப்போதே அடித்துவிட்டது.

பெயர் சொல்லாத என் ஆறாவது சிம்முக்கு வருகிறேன். நிறுவனம் இன்னொன்றோடு இணைந்தது. ஒரு திங்கட்கிழமை காலை ரீசார்ஜ் போட்டால் போகவில்லை. விநியோகஸ்தரைக் கூப்பிட்டேன். "அண்ணே, எனக்கே நேற்று ராத்திரிதான் சொன்னார்கள்" என்றார். புதிய நிறுவனம் தனக்கு ஏற்கெனவே இருந்த விநியோகஸ்தரையே வைத்துக்கொண்டது, இவரை விட்டுவிட்டது. இவர் நிறுவனத்திடம் கட்டியிருந்த காப்புத் தொகை லட்சக்கணக்கில். அதில் பாதியை வாங்கவே இரண்டு ஆண்டுகள் அலைந்தார். இப்போது திருச்சி சாலையில் டைல்ஸ் விற்கிறார். என்னைப் பார்த்தால் செல்பேசியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

என் சிம்மில் இருந்தது 4,275 ரூபாய். திருச்சி அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். பஸ் கட்டணமும் கடையைப் பூட்டிய நாள்களின் வரும்படியும் தனி. முதல் முறை ஒரு படிவம் தந்தார்கள், ஆங்கிலத்தில். இரண்டாம் முறை படிவம் மாறிவிட்டது என்றார்கள். மூன்றாம் முறை, கழுத்தில் புதிய நிறுவனத்தின் பட்டை தொங்க உட்கார்ந்திருந்த இளைஞர் கனிவாகவே சொன்னார்: "அது பழைய நிறுவனம் சார். நாங்கள் புதிய நிறுவனம்." அவர் அமர்ந்திருந்த நாற்காலி, மேசை, பின்னால் இருந்த தண்ணீர்க் கேன் எல்லாம் பழைய நிறுவனத்துடையவை. பழைய நிறுவனத்தின் கோபுரங்களும் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களும் புதியதற்கு உரிமை. பழைய நிறுவனத்தின் கடன் மட்டும் பழையதாகவே இருக்கும் என்றால், கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிக்கும் எந்தப் பெரியவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். சொத்து எவனுக்கோ கடனும் அவனுக்கு.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தொலைத்தொடர்புச் சேவை பற்றிய புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று தெளிவாக்கிவிட்டது. நல்லதுதான். ஆனால் வாங்கி விற்பவன் நுகர்வோர் ஆவானா என்று அவரே அடுத்த மூச்சில் கேட்டார். நான் வாடிக்கையாளன் இல்லை, ஊழியன் இல்லை, பங்குதாரன் இல்லை, வங்கி இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாதவனின் பணம் எந்தக் கணக்கிலும் வராது.

வாடிக்கையாளர் நிலை மட்டும் என்ன வாழ்கிறது? 2006இல் அப்பாவுக்கு 999 ரூபாய் கொடுத்து ஒரு 'லைஃப்டைம்' இணைப்பு வாங்கினேன். வாழ்நாள் முழுவதும் அழைப்பு வரும், ரீசார்ஜ் கவலை வேண்டாம் என்றார்கள். அந்த வாழ்நாள் சந்தாதாரருடையது அல்ல, நிறுவனத்தின் உரிமக் காலம் என்பது பிறகுதான் தெரிந்தது. நிறுவனம் கைமாறி சில காலம் சென்றதும், 28 நாளுக்கு ஒருமுறை பணம் போட்டால்தான் அழைப்பு வரும் என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அழைப்பு நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்பாவுக்கு இப்போது 81 வயது. நன்றாக இருக்கிறார். வாழ்நாள் விற்ற நிறுவனம்தான் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்பாவுக்காவது செல்பேசிக் கடை வைத்திருக்கும் மகன் இருக்கிறான். என் வாடிக்கையாளர் ஒருவர், ஊருக்கு வெளியே பத்து ஆடுகள் வைத்திருப்பவர், நிறுவனம் மாறிய குழப்பத்தில் எண்ணைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். 90 நாள் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்படும், பிறகு கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குப் போகும் என்பது நடைமுறை. அவர் எண்ணும் போனது. வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயுப் பதிவு எல்லாம் அந்த எண்ணில். ஓ.டி.பி. வேறு யாரோ ஒருவரின் செல்பேசிக்குப் போயிற்று. அந்த எண்ணைப் புதிதாக வாங்கியவர் நல்ல மனிதர் என்பதால் பிழைத்தார். வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் நடந்த நாள்களில் ஆடுகளை யார் மேய்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் மாட்டுச் சந்தை பெயர் பெற்றது. தரகர்கள் துண்டைக் கையில் போர்த்திக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கே தொகை தெரியாது. நிறுவனங்கள் விலை பேசுவதும் அப்படித்தான், அது அவர்கள் உரிமை, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் துண்டை எடுத்த பிறகு என்ன நடக்கிறது பாருங்கள். மாட்டை வாங்கியவர் உடனே ஓட்டிக்கொண்டு போய்விட மாட்டார். என்ன தீவனம், எத்தனை வேளை தண்ணீர், முட்டுமா, யார் கறந்தால் பால் விடும் என்று கேட்டுத்தான் கயிற்றைப் பிடிப்பார். விற்றவரும் மறைக்காமல் சொல்வார். மாட்டுக்குக் கிடைக்கும் அந்த ஐந்து நிமிட விசாரிப்பு, 2018இல் வோடஃபோன் ஐடியா இணைந்தபோது அதில் இருந்த சுமார் 40 கோடி இணைப்புகளில் எத்தனைக்குக் கிடைத்தது?

நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதற்கு விதிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2014இல் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. ஒரு வட்டத்தில் இணைந்த நிறுவனத்தின் சந்தைப் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அலைக்கற்றை இவ்வளவுக்கு மேல் சேரக் கூடாது என்றெல்லாம் கவனமாக எழுதியிருக்கிறார்கள். அலைக்கற்றைக்குக் காட்டிய அந்தக் கவனத்தில் கால் பங்கை, அதைக் காசாக்கிக் கொடுத்த கடைக்காரனுக்கும் காசு கொடுத்த வாடிக்கையாளருக்கும் காட்டச் சொல்கிறேன். இருபது ஆண்டுகளில் என் கடைக்கு எத்தனையோ சுவரொட்டிகள் வந்தன. நிறுவனம் கைமாறினால் உன் உரிமை இது என்று தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டு வந்ததில்லை.

இனி யார் இணையப்போகிறார்கள், மிஞ்சியிருப்பதே தனியாரில் மூன்றும் பி.எஸ்.என்.எல்.லும்தானே என்று கேட்கலாம். அந்த மூன்றில் ஒன்றில் அரசுக்கே இன்று ஏறக்குறைய 49 சதவீதப் பங்கு இருக்கிறது. 2025இல் 36,950 கோடி ரூபாய் நிலுவையைப் பங்காக மாற்றி எடுத்துக்கொண்டார்கள். நிறுவனம் கட்ட வேண்டிய பாக்கிக்கு அரசு தனக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. எங்களுக்கும் ஒன்று கண்டுபிடியுங்கள்.

நான் கேட்பவை இவை.

ஒரு நிறுவனம் கைமாற அனுமதி கேட்கும்போது, கடைக்காரர்களின் லாப்பு இருப்பையும் விநியோகஸ்தர்களின் காப்புத் தொகையையும் ஊர்வாரியாகக் கணக்கெடுத்து உங்களிடம் தர வேண்டும். அந்தத் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் கட்டிய பிறகே அனுமதி என்று தொலைத்தொடர்புத் துறைக்குப் பரிந்துரை செய்யுங்கள். அனுமதி கிடைத்து 60 நாளுக்குள் பணம் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு வந்துவிட வேண்டும். படிவம், அலைச்சல் எதுவும் கூடாது. எங்கள் கணக்கு எண்ணும் ஆதாரும் அவர்களிடம் முதல் நாளிலிருந்தே இருக்கின்றன. ஏற்கெனவே நடந்த கைமாற்றங்களில் முடங்கிய பணத்துக்கும் வாங்கிய நிறுவனமே பொறுப்பு என்று அறிவியுங்கள். இதுதான் முதல் கோரிக்கை. மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஒரு பகுதியில் சிக்னல் 24 மணி நேரத்துக்கு மேல் இல்லாவிட்டால், அந்தப் பகுதி வாடிக்கையாளர் வேறு எந்த நிறுவனத்தின் கடைக்கும் அடையாள அட்டையோடு போய், குறுஞ்செய்தி இல்லாமலேயே எண்ணை மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள். இதற்கு வேண்டிய கைரேகைக் கருவி என் கடையிலேயே இருக்கிறது.

பழைய நிறுவனத்தில் காசு கொடுத்து வாங்கிய கால அவகாசத்தைப் புதிய நிறுவனம் குறைக்கக் கூடாது. குறைத்தால் மீதிக் காலத்துக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

கைமாற்றம் பற்றிய குறுஞ்செய்தி வாடிக்கையாளரின் மொழியில் வர வேண்டும். கடை வாசலில் ஒட்ட அச்சிட்ட அறிவிப்பும் மூன்று மாதம் முன்னதாக வர வேண்டும். கைமாறிய நாளிலிருந்து ஓராண்டுவரை எந்த எண்ணையும் துண்டித்து வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

நீங்கள் ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக் கேட்டு, நேரடிக் கலந்தாய்வும் நடத்திய பிறகே விதி எழுதுவீர்கள் என்று அறிவேன். இந்த விஷயத்துக்கும் ஓர் அறிக்கை வெளியிடுங்கள், தமிழிலும். கலந்தாய்வில் ஒன்றைத் திருச்சியில் வையுங்கள். மணப்பாறையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். சந்தை நாளாக இருந்தாலும் கடையைப் பூட்டிவிட்டு முறுக்கு டப்பாவோடு வருகிறேன். டைல்ஸ் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு.

இப்படிக்கு,
ஒரு ரீசார்ஜ் கடைக்காரர்,
மணப்பாறை